மூன்றாவது மிதி

பொழுது புலர்வதற்கு முன்னரே தோ பாயோவில் எழும் ஒலிகளுள் சரக்கு வண்டிகளின் ஒலியும் ஒன்று. ஈரச்சந்தைக்குக் காய்கறி கொண்டு வருவன, ஏணியும் குழாயும் தாங்கிப் பழுதுபார்க்கச் செல்வன, மேசை நாற்காலி ஏற்றிச் செல்வன எனச் சிறு வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குமாடி வீடுகளின் நிறுத்துமிடங்களை விட்டுப் புறப்படுகின்றன. ‘ஜி’ என்னும் எழுத்தில் தொடங்கும் எண்பலகை அவற்றின் அடையாளம். ஒரு குடும்பத்தின் பிழைப்பு அத்தகைய ஒரு வண்டியின் முதுகில் ஏறியிருப்பதும் உண்டு.

இவ்வாறு ஒரு வண்டியை நம்பித் தொழில் தொடங்குவோர் பலர் புது வண்டி வாங்குவதில்லை; பழையதையே தேடுகின்றனர். அப்பொழுது அவர்கள் முன் நிற்கும் முதற் கேள்வி விலையைப் பற்றியதாக இருக்கலாம். இரண்டாவது கேள்வி பெரும்பாலும் இதுவே: கைக்கியர் வண்டியா, தானியங்கி வண்டியா? காப்பிக் கடைப் பேச்சில் இது ‘மேனுவலா, ஆட்டோவா’ என்று சுருங்கிவிடும். கைக்கியரே உழைக்கும் என்பார் ஒருவர். காலைக் கெடுத்துக்கொள்ளாதே, தானியங்கியே நல்லது என்பார் மற்றொருவர். இருவரும் தத்தம் பட்டறிவைக் கொண்டு பேசுகின்றனர். ஆயினும் இக்கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. அவ்வரலாற்றை அறிந்தபின் விடை காண்பது எளிதாகும்.

எருதும் பொறியும்

கியர் என்பது ஏன் தேவைப்பட்டது என்பதை முதலில் அறிய வேண்டும். எருது நின்ற நிலையிலிருந்து வண்டியை இழுக்கும்போது தன் முழு வலிமையையும் காட்ட வல்லது. சேற்றில் புதைந்த சக்கரத்தை அசைக்க வேண்டுமானால் அது கழுத்தைத் தாழ்த்தி, காலை ஊன்றி, மெல்ல இழுக்கும். எண்ணெயில் இயங்கும் பொறிக்கு அந்த ஆற்றல் இல்லை. அது சுழன்றுகொண்டிருந்தால்தான் வலிமை; குறிப்பிட்ட அளவுக்குக் கீழே சுழற்சி குறைந்தால் நின்றுவிடும். ஓடும் பொறியை நிற்கும் சக்கரத்தோடு இணைப்பதற்குக் கிளட்ச் வேண்டும். மேட்டில் ஏறும்போது வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்டவும், சமவெளியில் இழுவையைக் குறைத்து வேகத்தைக் கூட்டவும் பற்சக்கரங்கள் வேண்டும். எருதிடம் இயல்பாக இருந்து பொறியிடம் இல்லாமற்போன ஒரு குணத்தை ஈடுசெய்ய மனிதன் கண்ட வழியே கியர்ப் பெட்டி.

வண்டியை நம்பிப் பிழைத்தோர் அதன் உறுப்புகளைப் பற்றிக் கவலை கொண்டது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. உப்பு வணிகராகிய உமணர், மேடும் பள்ளமுமான வழியில் அச்சு முறியக் கூடும் என்று அஞ்சி, வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிக்கொண்டு சென்ற செய்தியை ஔவையார் புறநானூற்றுப் பாட்டொன்றில் உவமையாக ஆண்டிருப்பதைத் தமிழ் மாணவர் அறிவர். வழியை எண்ணி, சுமையை எண்ணி, முன்னதாகவே ஏற்பாடு செய்துகொள்ளும் அந்த வணிக அறிவு, பிக்கப் வாங்குவோர்க்கும் வேண்டுவதேயாகும்.

சிங்கப்பூரின் சரக்குப் போக்குவரத்தும் எருதிலிருந்தே தொடங்குகிறது. ‘கிரேத்தா ஆயர்’ என்னும் மலாய்ப் பெயருக்குத் தண்ணீர் வண்டி என்று பொருள். எருது பூட்டிய வண்டிகளில் நகருக்குக் குடிநீர் சென்றதை அப்பெயர் இன்றும் நினைவூட்டுகிறது. சிராங்கூன் சாலைப் பகுதியில் கால்நடைத் தொழில் செழித்திருந்ததற்குக் கெர்பாவ் சாலை, பஃபலோ சாலை என்னும் தெருப்பெயர்கள் சான்று. அவ்வண்டிகளை ஓட்டியவர்களுள்ளும் மாடுகளைப் பேணியவர்களுள்ளும் தமிழர் பலர் இருந்தனர். மாட்டின் மூச்சையும் நடையையும் பார்த்தே சுமையை அளந்த அறிவு அவர்களுடையது.

கிளட்ச் வந்த கதை

1896ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் முதல் மோட்டார் வண்டி வந்திறங்கியது. அது ஜெர்மானிய நாட்டுப் பென்ஸ் வண்டி. அதனை ஓட்டித் திரிந்த சார்லஸ் பக்லி என்பவர், பழைய சிங்கப்பூரின் வரலாற்றைத் தொகுத்தவர் என்ற முறையிலும் அறியப்பட்டவர். வண்டி எழுப்பிய ஒலியைக் கேட்ட மக்கள் அதனைக் ‘காப்பி இயந்திரம்’ என்று அழைத்தனராம். அக்காலப் பென்ஸ் வண்டிகளில் இன்றுள்ளது போன்ற கியர்ப் பெட்டி இல்லை. தோல் வார்களை உருளைகளின்மேல் மாற்றியே வேகத்தை மாற்றினர்.

அதே காலத்தில் பிரான்சில் எமில் லெவசோர் என்னும் பொறியாளர் வேறொரு முறையை வகுத்தார். பொறி முன்னால், அதன்பின் கிளட்ச், அதன்பின் பற்சக்கரப் பெட்டி, விசை செல்வது பின் சக்கரங்களுக்கு என்பது அம்முறை. 1890களில் அமைந்த இந்த ஒழுங்கே பின்னர் உலகெங்கும் சரக்கு வண்டிகளின் எலும்புக்கூடாயிற்று. இன்றைய கைக்கியர் லாரியின் அமைப்பும் அடிப்படையில் அதுவேதான்.

ஆனால் அதனை இயக்குவது எளிதாக இருக்கவில்லை. வெவ்வேறு வேகத்தில் சுழலும் இரண்டு பற்சக்கரங்களைப் பொருத்த முயன்றால் பல்லோடு பல் மோதி அரைபடும். ஆகவே ஓட்டுநர் கிளட்ச்சை ஒருமுறை மிதித்துக் கியரை எடுத்து, மிதியை விட்டு, பொறியின் வேகத்தைச் சரிசெய்து, மீண்டும் ஒருமுறை மிதித்து அடுத்த கியரைப் போட வேண்டியிருந்தது. செவியே அளவுகோல். 1928இல் அமெரிக்கக் காடிலாக் கார்களில் பற்சக்கரங்களின் வேகத்தைத் தானே ஒன்றுபடுத்தும் அமைப்பு வந்தது. அதனை ஆக்கியவர் ஏர்ல் தாம்சன். கார்களுக்கு விரைவில் கிட்டிய இந்த வசதி லாரிகளுக்குத் தாமதமாகவே வந்தது. அதனால் லாரி ஓட்டுவது நெடுங்காலம் ஒரு கைவினையாகவே மதிக்கப்பட்டது.

சிங்கப்பூரில் மோட்டார்த் தொழில் வேரூன்றியதற்கு 1926 ஒரு முக்கியமான ஆண்டு. அவ்வாண்டில் மலாயா ஃபோர்டு மோட்டார் நிறுவனம் இங்கு அமைந்தது. 1941 அக்டோபரில் அப்பர் புக்கிட் தீமா சாலையில் அதன் தொழிற்சாலை கட்டிமுடிக்கப்பட்டது. வண்டிகளை இணைப்பதற்காக எழுந்த அக்கட்டடத்திலேதான் 1942 பிப்ரவரி 15ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்தனர் என்பது வரலாறு. ஆக்கிரமிப்புக் காலத்தில் அங்கே ஜப்பானியப் படைக்கு லாரிகள் இணைக்கப்பட்டன. போருக்குப்பின் 1947இல் மீண்டும் ஃபோர்டு வண்டிகள் உருவாகத் தொடங்கி, 1980இல் ஆலை மூடப்பட்டது.

தமிழ்நாட்டிலும் இதே காலத்தில் மோட்டார்த் தொழில் வளர்ந்து வந்தது. 1920இல் ஜி. டி. நாயுடு பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே பஸ் ஓட்டத் தொடங்கினார். 1948இல் எண்ணூரில் தோன்றிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் எனப் பெயர் பெற்று லாரிகளையும் பஸ்களையும் ஆக்கியது. லாரியில் ‘கிளீனராக’ ஏறிய சிறுவன், சக்கரத்தைக் கழுவி, எண்ணெய் ஊற்றி, ஓட்டுநரின் காலையும் கையையும் பார்த்துப் பார்த்தே ஓட்டக் கற்றான். கிளட்ச் மிதியை வசப்படுத்தியவனுக்குச் சோறு உறுதி என்ற நிலை கடலின் இரு கரைகளிலும் இருந்தது.

மிதியில்லா வண்டிகள்

கிளட்ச் மிதி இல்லாத வண்டி அண்மைக் காலத்துப் புதுமை என்று எண்ணுவது பிழை. சிங்கப்பூர்த் தெருக்களில் அது 1926ஆம் ஆண்டிலேயே ஓடியது. 1925இல் அமைந்த சிங்கப்பூர் டிராக்ஷன் கம்பெனி, பழைய டிராம் வண்டிகளுக்கு மாற்றாக மின்கம்பியின்கீழ் ஓடும் டிராலி பஸ்களை அடுத்த ஆண்டில் கொண்டுவந்தது. மின்மோட்டார் எருதைப் போன்றது. நின்ற நிலையிலிருந்தே முழு இழுவையையும் தரவல்லது. ஆதலால் டிராலி பஸ்ஸுக்குக் கிளட்ச்சும் தேவைப்படவில்லை, கியரும் தேவைப்படவில்லை. 1962இல் அவை நிறுத்தப்பட்டன. கம்பி செல்லாத இடத்துக்கு அவற்றால் செல்ல இயலாது. விரியும் நகருக்கு எண்ணெய்ப் பொறி பஸ்களே ஏற்றவை எனக் கருதப்பட்டன.

எண்ணெய்ப் பொறிக்கும் மிதியில்லா வாழ்வு தரும் வழி, வியக்கத்தக்க விதமாக, கப்பலிலிருந்து வந்தது. 1905இல் ஜெர்மானியப் பொறியாளர் ஹெர்மன் ஃபோட்டிங்கர், விரைந்து சுழலும் நீராவிச் சுழலியின் விசையை மெதுவாகச் சுழல வேண்டிய கப்பல் விசிறிக்கு நீர்மத்தின் வழியே மாற்றும் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டு விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றைச் சுழற்றினால் அதன் காற்றில் மற்றதும் சுழலும் அல்லவா? காற்றுக்குப் பதில் எண்ணெயை வைத்தால் அதுவே இக்கருவியின் தத்துவம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதில்லை. எனவே வண்டி நின்றாலும் பொறி நிற்பதில்லை.

இவ்வழியில் சென்ற முயற்சிகளின் பயனாக, 1939இல் அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் ‘ஹைட்ரமேட்டிக்’ என்னும் முழுத் தானியங்கிக் கியரை அறிவித்தது. காடிலாக் கியரைத் திருத்திய அதே ஏர்ல் தாம்சனே இதற்கும் தலைமை தாங்கினார். அடுத்து வந்த போரில் இலகுவகை அமெரிக்கப் படைத்தேர்களிலும் அது பொருத்தப்பட்டது. போருக்குப்பின் அமெரிக்கக் குடும்பக் கார்களில் தானியங்கிக் கியர் விரைந்து பரவியது.

ஆயின் சரக்கு வண்டிகளுக்கு அது ஏன் உடனே வரவில்லை? விலை மிகுதி, எண்ணெய் வழியே விசை செல்லும்போது ஒரு பங்கு வெப்பமாக வீணாயிற்று, சுமை கூடினால் அவ்வெப்பமும் கூடிற்று. இவை பொறியியல் காரணங்கள். இவற்றோடு ஒரு மனிதக் காரணமும் உண்டு. காரில் உரிமையாளரும் ஓட்டுநரும் ஒருவரே. தம் கால் வலியைத் தாமே உணர்ந்தார், அதனை நீக்கப் பணம் கொடுத்தார். லாரியில் உரிமையாளர் வேறு, ஓட்டுநர் வேறு. கூலிக்கு ஓட்டியவனின் இடக்கால் வலி எந்தக் கணக்கேட்டிலும் எழுதப்படவில்லை.

பஸ்களின் கதை இதற்கு மறுசான்று. நொடிக்கொரு முறை நின்று புறப்படும் நகரப் பஸ்களில் ஓட்டுநரின் களைப்பும் கிளட்ச்சின் தேய்மானமும் நிறுவனத்தின் கணக்கில் செலவாகவே தெரிந்தன. ஆகவே லண்டன் பஸ்களில் 1930களிலேயே கிளட்ச் மிதியின் வேலையைக் குறைக்கும் அமைப்புகள் வந்துவிட்டன. சிங்கப்பூரிலும் 1973இல் உருவான சிங்கப்பூர் பஸ் சர்வீஸ், 1977இல் அறிமுகப்படுத்திய லேலண்ட் அட்லாண்டியன் இரட்டை மாடிப் பஸ்களில் கிளட்ச் மிதி இல்லை. எங்கே உழைப்பாளியின் களைப்பு செலவாகக் கணக்கிடப்பட்டதோ, அங்கே இயந்திரம் முதலில் மாறியது என்பது இதனால் பெறப்படும்.

சதுப்பு நிலத்தில் எழுந்த நகரம்

ஹொக்கியன் மொழியில் ‘பெரிய’ என்னும் பொருள்படும் சொல்லும், சதுப்பு நிலத்தைக் குறிக்கும் ‘பாயா’ என்னும் மலாய்ச் சொல்லும் இணைந்து பிறந்ததே தோ பாயோ என்னும் பெயர். 1960களின் நடுவில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் இங்கு நகரமைப்பைத் தொடங்கியது. குவீன்ஸ்டவுனுக்கு அடுத்து எழுந்த இரண்டாவது துணைநகரம் இது. 1972இல் பிரிட்டிஷ் அரசியார் இங்கு வருகை தந்தார். 1973இல் தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுகளுக்கு வந்த வீரர்கள் இங்குள்ள அடுக்குமாடிகளில் தங்கினர்.

நகரம் எழும்போது மணலும் சிமெண்டும் வந்தன. எழுந்தபின் கட்டிலும் பெட்டியும் வந்தன. குடியேறியபின் அரிசியும் எரிவாயு உருளையும் வந்தன. அனைத்தும் லாரியில் வந்தன. கம்பத்து மண்பாதைக்கு ஏற்ற பெரிய வண்டி, அடுக்குமாடிகளுக்கிடையே நெளிந்து செல்ல ஏற்றதாக இல்லை. அவ்விடத்தை நிரப்ப ஜப்பானியச் சிறு வண்டிகள் வந்தன. 1959இல் பிறந்த இசுசு எல்ஃப், 1963இல் வந்த மிட்சுபிஷி கேண்டர், 1967இல் வந்த டொயோட்டா ஹையேஸ், 1968இல் வந்த டொயோட்டா ஹைலக்ஸ் ஆகியன இவ்வகையைச் சார்ந்தவை. சரக்குத் தட்டின் நீளத்தைக்கொண்டு பத்தடி லாரி, பதினான்கடி லாரி என்று பெயரிட்டு வழங்குவது இங்கு வணிக வழக்காயிற்று. லோரோங் 8இல் வைராவிமட காளியம்மன் ஆலயத்தின் அருகே அமைந்த சிறுதொழிற்பேட்டை போன்ற இடங்கள் இவ்வண்டிகளின் ஓயாத நடமாட்டத்தால் உயிர்பெற்றன.

இவ்வண்டிகள் பெரும்பாலும் கைக்கியர் வண்டிகளாகவே வந்தன. மோட்டார் ஓட்டக் கற்றவர் அனைவரும் மூன்று மிதிகளைக் கொண்டே கற்றனர். எனவே ‘எந்தக் கியர்’ என்ற கேள்வியே அன்று எழவில்லை.

உரிமமும் மிதியும்

அக்கேள்வி எழுந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது வாகன உரிமைச் சான்றிதழ் முறை. 1990 மே மாதம் சிங்கப்பூர் அரசாங்கம் வாகனங்களின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்தது. புது வண்டியைப் பதிவு செய்ய ஏலத்தின்வழிச் சான்றிதழ் பெற வேண்டும். அது 10 ஆண்டுகளுக்குச் செல்லும். சரக்கு வண்டிகளுக்கும் பஸ்களுக்கும் ‘சி’ என்னும் தனிப்பிரிவு உண்டு. சான்றிதழைப் புதுப்பித்துக்கொண்டால் சரக்கு வண்டியை 20 ஆண்டுவரை வைத்திருக்கலாம். இதன் விளைவாக, ஏற்கெனவே பதிவான பழைய வண்டிக்கு மதிப்புக் கூடியது. பத்து, பதினைந்து ஆண்டுகளுக்கு முன் கைக்கியரோடு வந்த வண்டி இன்றும் கைமாறி ஓடுகிறது. வண்டியின் வயது நீண்டதால் மூன்றாவது மிதியின் வயதும் நீண்டது.

இரண்டாவது காரணம் ஓட்டுநர் உரிமம். சிங்கப்பூரில் வகுப்பு 3 உரிமம் பெற்றவர் கைக்கியர், தானியங்கி ஆகிய இருவகை வண்டியையும் ஓட்டலாம். வகுப்பு 3ஏ உரிமம் பெற்றவர் கிளட்ச் மிதி இல்லாத வண்டியை மட்டுமே ஓட்டலாம். இரண்டிலும் சரக்கு வண்டியின் வெற்று எடை 2,500 கிலோகிராமுக்கு மேற்படக்கூடாது. மேற்பட்டால் வகுப்பு 4 வேண்டும். தானியங்கிக் கார்களே பெருகிவிட்ட காலத்தில், கற்பது எளிது என்று கருதி 3ஏ உரிமம் எடுப்போர் உளர். கார் ஓட்டுவது ஒன்றே நோக்கமானால் அதில் குறையில்லை.

குறை தெரிவது வேலை தேடும்போதுதான். இருபத்தோராம் வயதில் எளிய உரிமத்தை எடுத்த இளைஞன், சில ஆண்டுகளுக்குப் பின் சரக்கு விநியோகப் பணிக்குச் செல்கிறான் என்று கொள்வோம். உடல் வலிமை உண்டு, சாலைகள் தெரியும், நன்னடத்தையும் உண்டு. ஆயினும் முதலாளியிடம் உள்ளது கைக்கியர் லாரி. வாயிலில் நிற்கும் வண்டியில் அவன் ஏற இயலாது. கற்பிக்கும் ஆசிரியர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. ஒரு மிதி, ஒருவனுக்குத் திறந்திருக்க வேண்டிய கதவை மூடிவிடுகிறது.

சட்டம் பார்ப்பது கியர்ப் பெட்டியை அன்று, மிதியையே என்பதும் ஈண்டு நோக்கத்தக்கது. இசுசு போன்ற ஜப்பானிய நிறுவனங்கள், உள்ளே பற்சக்கரங்களும் கிளட்ச்சும் இருக்க, அவற்றை இயக்கும் வேலையை மட்டும் கருவியிடம் ஒப்படைக்கும் முறையை வளர்த்தன. 1984இல் இசுசு தன் ஆஸ்கா காரில் அதனைக் கொண்டுவந்தது. பின்னர்ச் சிறு லாரிகளிலும் இம்முறை பரவியது. 2010இல் மிட்சுபிஷி ஃபூசோ தன் கேண்டர் லாரியில் இரட்டைக் கிளட்ச் கொண்ட தானியங்கிக் கியரை வைத்தது. இந்தியாவிலும் 2014இல் மாருதி செலரியோ கார் வாயிலாக இத்தகைய குறைந்த விலைத் தானியங்கி முறை பலருக்கு அறிமுகமாயிற்று. இவ்வண்டிகளில் கிளட்ச் உண்டு, மிதி இல்லை. ஆகவே சிங்கப்பூரில் 3ஏ உரிமத்தோடு இவ்வகை வண்டியை ஓட்டலாம். பழுதுபார்க்கும்போதோ, உள்ளே தேயும் கிளட்ச் ஒன்று உண்டென்பதை உரிமையாளர் மறந்துவிடக்கூடாது.

பழைய வண்டியைச் சோதித்தல்

வரலாறு இவ்வளவும் அறிந்தபின், பழைய பிக்கப் வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றைத் தொகுத்துக் காணலாம்.

முதலில், வண்டியை ஓட்டப்போவது யார் என்பதைத் துணிய வேண்டும். உரிமையாளர் ஒருவரே ஓட்டுவாரானால் அவரது உரிமமும் உடல்நிலையும் போதும். மகனோ, மருமகனோ, பணியாளனோ ஓட்டக்கூடுமானால் அவர்களுடைய உரிமத்தையும் பார்க்க வேண்டும். தகுந்த வகுப்பு உரிமமின்றி ஓட்டுவது குற்றம், ஓட்டவிட்ட உரிமையாளரும் குற்றத்துக்கு உள்ளாவார், காப்புறுதியும் கைகொடாது. வண்டியின் பக்கத்தில் எழுதப்பட்டுள்ள வெற்று எடையையும் மறவாமல் படித்துப் பார்க்க வேண்டும்.

கைக்கியர் வண்டியாயின், கிளட்ச் மிதியைத் தளர்த்தும்போது வண்டி எந்த இடத்தில் அசையத் தொடங்குகிறது என்று காண வேண்டும். மிதி ஏறக்குறைய முழுதும் மேலே வந்த பின்னரே அசையுமானால் தகடு தேய்ந்திருக்கலாம். மேட்டில் மூன்றாவது கியரில் முடுக்கும்போது பொறியின் ஓசை மட்டும் உயர்ந்து வேகம் உயராவிட்டால் கிளட்ச் வழுக்குகிறது என்பது பொருள். போட்ட கியர் தானே வெளிவந்தாலும், போடும்போது அரைபட்டாலும் பெட்டிக்குள் குறையுண்டு. எனினும் கிளட்ச் தகடு தேயும் இயல்புடையது, மாற்றத்தக்கது, அதனை மாற்றத் தெரிந்த பட்டறைகளும் பல.

தானியங்கி வண்டியாயின், பிரேக்கை மிதித்தபடி கியரை ஓட்டநிலைக்கு மாற்றிப் பார்க்க வேண்டும். நெடுநேரம் தாமதித்தாலும் வெடுக்கென்று உதைத்தாலும் ஐயுற வேண்டும். அளவுக்கோல் உள்ள வண்டியில் கியர் எண்ணெயைத் தொட்டுப் பார்க்கலாம். சிவப்பாக இருக்க வேண்டியது கருத்து, தீய்ந்த மணம் வீசினால், வண்டி மிகுந்த வெப்பத்தில் உழைத்திருக்கிறது. எண்ணெய் மாற்றியதற்கான பற்றுச்சீட்டுகளைக் கேட்டு வாங்குதல் நலம். தானியங்கிப் பெட்டி கெட்டால் அதனைச் செப்பனிடும் செலவு, கிளட்ச் தகடு மாற்றும் செலவைவிடப் பன்மடங்காகும்.

இருவகையாயினும் வெறும் வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்துத் துணிதல் போதாது. தூக்கிச் செல்லவிருக்கும் சுமையில் ஒரு பாதியையேனும் ஏற்றி, அடுக்குமாடி நிறுத்துமிடத்தின் சாய்தளத்தில் நிறுத்தி எடுத்துப் பார்க்க வேண்டும். பத்தாண்டு கடந்த சரக்கு வண்டி ஆறு மாதத்துக்கொருமுறை சோதனைக்குச் செல்ல வேண்டியது என்பதையும், சான்றிதழில் எஞ்சியிருக்கும் காலத்தையும் விலையோடு சேர்த்து எண்ண வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, தொழிலின் தன்மையைக் கருத வேண்டும். நாளொன்றுக்கு ஓரிரு முறை பான் தீவு விரைவுச்சாலையில் ஜூரோங் சென்று திரும்பும் வண்டிக்குக் கைக்கியரால் துன்பமில்லை. புளோக்குக்குப் புளோக்கு நின்று நாற்பது ஐம்பது வீடுகளில் பொருள் இறக்கும் வண்டியிலோ இடக்கால் நூற்றுக்கணக்கான முறை மிதிக்க நேரும். அந்த முழங்காலுக்கும் ஒரு விலை உண்டு. லாரி முதலாளிகள் எழுதாமல் விட்ட அந்தக் கணக்கைத் தன் வண்டியைத் தானே ஓட்டும் சிறு வணிகர் எழுதாமல் விடலாகாது.

மாற்று அச்சு

காலத்தின் போக்கு எத்திசையில் செல்கிறது என்பதும் தெளிவாகவே தெரிகிறது. 1987 நவம்பரில் சிங்கப்பூரின் முதல் பெருவிரைவு ரயில் தோ பாயோவுக்கும் இயோ சூ காங்குக்கும் இடையே ஓடியது. மின்மோட்டாரின் ஆற்றல் அன்று தண்டவாளத்தில் திரும்பி வந்தது. இன்று சாலைக்கும் வந்துவிட்டது. மின்கலத்தில் ஓடும் சிறு சரக்கு வண்டிகள் பெருகி வருகின்றன. 2040க்குள் எல்லா வாகனங்களும் தூய எரிசக்திக்கு மாற வேண்டும் என்பது சிங்கப்பூரின் இலக்கு. மின்வண்டிக்குக் கிளட்ச் மிதி இல்லை. 1926இல் டிராலி பஸ் காட்டிய வழிக்கே, கம்பியை மட்டும் விட்டுவிட்டு, வண்டிகள் திரும்புகின்றன. எருதின் குணம் மீண்டும் சக்கரத்துக்கு வாய்க்கிறது.

அவ்வாறாயின் கைக்கியர் கற்பது வீண் உழைப்போ என்ற வினா எழும். மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. 20 ஆண்டு ஓடத்தக்க வண்டிகள் உள்ள நாட்டில் பழையதும் புதியதும் நெடுநாள் அருகருகே நிற்கும். அந்த இடைக்காலத்தில் வாழ்வோர்க்கு இரண்டும் தெரிந்திருத்தல் பாதுகாப்பாகும். வாங்கும் வண்டி வேறு, கற்கும் கல்வி வேறு என்று பிரித்துணர்வதே இச்சிக்கலுக்குத் தீர்வு. வண்டியை இன்றைய தொழிலுக்கும் உடலுக்கும் ஏற்பத் தெரிந்தெடுக்கலாம். நாள் முழுதும் நின்று நின்று செல்லும் தொழிலுக்குத் தானியங்கியே ஏற்றதாயின் அதனையே வாங்கலாம். ஆனால் உரிமம் எடுக்கும் இளைஞர், இயலுமாயின், இருவகை வண்டிக்கும் வழிவிடும் உரிமத்தையே எடுத்தல் நன்று. சில வாரப் பயிற்சி கூடும். வாழ்நாளில் மூடாத கதவு ஒன்று கிட்டும்.

உமணர் தம் வண்டியின் அடியில் கட்டிச் சென்ற மாற்று அச்சு, வழியெல்லாம் பயன்பட்ட பொருளன்று. முறியாத அச்சோடு ஊர் சேர்ந்த நாட்களே மிகுதியாக இருந்திருக்கும். ஆயினும் அதனை அவர்கள் சுமையென்று கருதிக் கழற்றி எறியவில்லை. கைக்கியர் ஓட்டும் திறமும் அத்தகையதே. தோ பாயோவில் நாளை விடியுமுன் புறப்படும் வண்டிகளுள் சிலவற்றில் மூன்றாவது மிதி இருக்கும், சிலவற்றில் இராது. எந்த வண்டியின் சாவி கைக்கு வந்தாலும் ஏறி அமர்ந்து புறப்பட வல்லவனுக்கே அன்றைய வேலை உறுதி.